இருட்டில் 60 அடியை அளந்தது எப்படி?

வணக்கம். போன வாரம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆவது படைப்பிரிவைப் பற்றிப் பேசினேன். 1943 மே 16 இரவு, இங்கிலாந்தின் ஸ்காம்ப்டனிலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்கள் கிளம்பிய கதை. அதைப் பார்த்த ஒரு மாணவி கேட்கிறார்: "சார், குண்டு போடும்போது 60 அடி உயரம் என்றீர்கள். ராத்திரியில் அது 60 அடிதான் என்று எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி. இரண்டு நாளாக மனதில் இதுவேதான். எல்லாரும் குண்டு எப்படித் தண்ணீர்மேல் தத்தித் தத்தி அணைவரை போனது என்றுதான் கேட்பார்கள்.

முதலில் 60 அடி என்றால் என்னவென்று பாருங்கள். லங்காஸ்டரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 102 அடி. அந்த அகலம்கூட இல்லாத உயரத்தில், மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார்கள். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்வது. இவ்வளவு தாழ்வில் அதை நம்ப முடியாது. அன்றிரவே ஒரு விமானம் தாழ்ந்துபோய்க் கடலில் உரசியது, குண்டு பிய்த்துக்கொண்டு போனது, வால்பகுதியில் இருந்த துப்பாக்கி வீரர் தண்ணீரில் மூழ்கி எழுந்தார். அப்படியே திரும்பி வந்தார்கள்.

சரி, என்ன செய்தார்கள்? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் சாய்வாகத் தண்ணீரைப் பார்க்கும். சரியாக 60 அடியில் இரண்டு ஒளிவட்டமும் தொட்டுக்கொண்டு 8 போலத் தெரியும். வழிகாட்டுபவர் வலப்பக்கக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, "இறக்கு, இன்னும் இறக்கு, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி அந்தக் குரலை நம்பி ஓட்டுவார். நான் அடிக்கடி சொல்வேனே, கருவி பாதி, அதை நம்புகிற ஆள் பாதி என்று. அதேதான் இங்கேயும்.

ஆனால் அந்த வெளிச்சம் எதிரிக்கும் தெரியும். அவர்கள் உடைக்கப் போன அணைகளில் ஒன்றான மோனே அணையின் கோபுரங்களில் பீரங்கிகள் இருந்தன. விளக்கைப் போட்டுக்கொண்டு நேராக அதன் முன்னால் வர வேண்டும். இரண்டாவதாக வந்த விமானம் அங்கேயே அடிபட்டு விழுந்தது. அன்றிரவு போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். படைத்தலைவர் கை கிப்சனுக்கு வயது 24.

உயரம் கிடைத்துவிட்டது. அப்புறம், அணை உடைந்தபின் அந்தத் தண்ணீர் எங்கே போனது? இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மோனேக்குக் கீழே நேஹைம் என்ற ஊர். அங்கே ஒரு முகாம். கட்டாய வேலைக்காகக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள், அதில் உக்ரைன் பெண்கள் நிறைய. நள்ளிரவு தாண்டி வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் மொத்தம் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிடித்து வரப்பட்ட வெளிநாட்டவர்கள். தங்களைச் சிறைவைத்த நாட்டின் மேல் விழுந்த அடியில் அவர்கள் போனார்கள். அணையை அந்த ஆண்டு செப்டம்பருக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டார்கள்.