காந்தப்புலம் இல்லாமல் காந்தத்தைத் திருப்பும் எலக்ட்ரான்கள்

வணக்கம், நேயர்களே. பினாங்கிலிருந்து பேசுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளோடு பழகும் நம்மவர் பலர் இக்காணொளிகளைப் பார்ப்பதால், மின்சாரம் நின்றாலும் தரவை மறக்காத எம்ராம் நினைவகத்தின் உள்ளே நடப்பதை இன்று விளக்குகிறேன்.

இந்த நினைவகம் 0, 1 என்ற தரவை நுண்ணிய காந்தங்களின் திசையாகவே பதித்து வைக்கிறது; எழுதுவது என்றால் அக்காந்தத்தைத் திருப்புவது. அப்படித் திருப்ப, பக்கத்துக் கம்பியில் மின்னோட்டம் செலுத்திக் காந்தப்புலம் உண்டாக்குவதே பழைய வழி. காந்தம் சிறுக்கச் சிறுக்க, வெப்பத்தால் தானே புரண்டுவிடாதிருக்க அதை எளிதில் திசை மாறாத பொருளில் செய்ய வேண்டியிருக்கிறது. அதைத் திருப்பத் தேவையான வலிய புலமோ அண்டைக் காந்தங்களையும் அசைத்துவிடும்.

மின்னோட்டத்தைக் காந்தத்தின் ஊடாகவே செலுத்தினால் போதும் என்று 1996இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் ஸ்லோன்செவ்ஸ்கியும், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூக் பெர்ஜரும் தனித்தனியே கணித்தார்கள். தடித்த காந்தப் படலம் ஒன்று, மெல்லிய படலம் ஒன்று, நடுவே சில நானோமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த படலத்தைக் கடந்து வரும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றின் தற்சுழற்சி (ஒவ்வோர் எலக்ட்ரானையும் குட்டிக் காந்தம் போல ஆக்கும் ஸ்பின் என்ற இயல்பு) அப்படலத்தின் காந்தத் திசையிலேயே அமைந்துவிடும். அவை மெல்லிய படலத்துக்குள் நுழையும்போது தம் திசையை இழக்கின்றன. ஆனால் கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, அழியாது என்பதால், இழந்த பங்கு முறுக்கு விசையாக அந்தப் படலத்தின் மீதே இறங்குகிறது.

காந்தம் உடனே கவிழ்ந்துவிடாது. பம்பரம் தள்ளாடுவதைப் போல அதன் திசை சுற்றத் தொடங்கி, உராய்வை வெல்லும் அளவுக்கு மின்னோட்டம் இருந்தால் சுற்று அகன்றுகொண்டே போய், சில நானோநொடிகளில் மறுபக்கம் திரும்பிவிடும்.

மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இப்போது எலக்ட்ரான்கள் மெல்லிய படலத்திலிருந்து தடித்ததை நோக்கிச் செல்கின்றன; எதிர்த்திசைத் தற்சுழற்சி உடையவை அங்கே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்து, மெல்லிய காந்தத்தை எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன. ஒரே பாதையில் 0, 1 இரண்டையும் எழுத முடிகிறது.

2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் கோபால்ட், செம்பு, கோபால்ட் அடுக்கிய நுண்தூணில் இதைச் செய்து காட்டினார்கள். தேவையான மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கோடி ஆம்பியர் என்றால் மலைப்பாக இருக்கும்; ஆனால் 100 நானோமீட்டர் விட்டமுள்ள தூணுக்கு அது 1 மில்லியாம்பியரையும் எட்டாது. தூண் சிறுத்தால் இன்னும் குறையும்.

இன்றைய சில்லுகளில் செம்பின் இடத்தில் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிப்புள்ள மக்னீசியம் ஆக்சைடு இருக்கிறது. இது பதிந்த தரவைப் படிப்பதை எளிதாக்கினாலும், எழுதும் மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய தடுப்பைத் துளைத்தே போக வேண்டியிருப்பதால் அது நாளடைவில் நலிகிறது. அடியிலுள்ள டாண்டலம், டங்ஸ்டன் போன்ற கன உலோகத்தில் மின்னோட்டம் செலுத்தித் தற்சுழற்சியை மட்டும் மேலே அனுப்பும் முறை இதைத் தவிர்க்கிறது. ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் மூன்று முனைகள் தேவைப்படுவதால் சில்லில் இடம் கூடுதலாகப் போகிறது.