நோய்க்காலத்திலும் கூரை வேய்ந்தோம்

நடுவர் அவர்களே, தாராவித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

வேறொரு நெருக்கடி வந்தால் மும்பை மாநகராட்சி, மழை வெள்ளம், புயலிலிருந்து காக்கும் காலநிலை வேலைகளைத் தள்ளிவைக்கலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி, "கொரோனா மாதிரி ஒன்று வந்தால் முதலில் உயிர், மற்றதெல்லாம் அப்புறம்" என்றார். சரி, எனக்கும் உயிர்தான் முதலில். அதனால்தான் கூடாது என்கிறேன்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. மே மாதம் எங்கள் சந்தில் பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் கூரைமேல் நிற்கிறார். கடைகள் அடைப்பு, புதுத் தார்ப்பாய் கிடைக்கவில்லை. என் அப்பா போன வருடத்துக் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து, தகரத்தின்மேல் விரித்து, செங்கல் ஏற்றினார். பக்கத்து வீட்டில் காய்ச்சல். அந்த வீட்டுக் கூரையையும் சேர்த்தே மூடினார். நோய் தீரட்டும், கூரையை அப்புறம் பார்ப்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஜூன் வந்தால் மழை வரும் என்பது எங்களுக்குத் தெரியும். மாநகராட்சிக்குத் தெரியாதா?

அந்த ஜூன் 3-ஆம் தேதியே நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே அலிபாக் அருகே கரையேறியது. மும்பை தப்பியது. அடுத்த மே மாதம், இரண்டாம் அலைக்கு நடுவே டவ்தே புயல். பாந்த்ரா-குர்லா வளாகம், முலுண்ட், தஹிசர் கொரோனா மையங்களிலிருந்து 580 நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிய நர்ஸைக் கேளுங்கள், எது கொரோனா வேலை, எது காலநிலை வேலை என்று. பிரித்துச் சொல்ல அவரால் முடியுமா?

2021 ஜூலை 18. ஒரே இரவு மழை. செம்பூரில் சுவர் இடிந்து வீடுகள்மேல் விழுந்து தூக்கத்திலேயே பலர் இறந்தார்கள். பாண்டூப் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து நகரத்தின் பெரும்பகுதிக்குக் குடிநீர் நின்றது. கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஊரே சொன்ன காலம் அது, நடுவர் அவர்களே! கழுவத் தண்ணீர் எங்கே?

பணம் இல்லை என்றார் தம்பி. வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத்தான் தாங்கும், அதை 50 ஆக்குங்கள் என்று 1993-லேயே திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். செலவு 616 கோடி. கிடப்பில் போட்டார்கள். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. எத்தனை பிணங்கள் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு எடுத்த அதே வேலைக்கு 1,200 கோடி.

மும்பைக் காலநிலைச் செயல்திட்டத்தை இதே மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்டது. அதை எழுதியதே கொரோனாவுக்கு நடுவில்தான். எழுத நேரம் கிடைத்ததல்லவா?

அடுத்த நெருக்கடி எந்த உருவில் வந்தாலும் வரட்டும். சாலை அலங்காரத்தை நிறுத்துங்கள், விழாக்களை நிறுத்துங்கள். ஜூனுக்கு முன் நாலா என்கிற பெரிய வடிகால் கால்வாய்களைத் தூர்வாரும் பணம், வெள்ளத்தை இறைத்து வெளியேற்றும் பம்பிங் ஸ்டேஷன் பணம், மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு மாற்று வீட்டுப் பணம், இந்த மூன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். தீர்ப்பு சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.