வேர்டுல மெயிலிங்ஸ் காணோம், ஆபீஸைத் திரும்பப் போடணுமா?

அடுத்த கேள்வி காவேரிப்பட்டணத்துல டிடிபி கடை வெச்சிருக்கிற ஒரு அக்கா அனுப்பினது. "கடையில ரெண்டு சிஸ்டம். ஒண்ணுல வேர்டுல மெயிலிங்ஸ் (லேபிள், லெட்டர் மொத்தமா அடிக்கிற டேப்) இருக்கு. இன்னொண்ணுல ரெஃபரன்ஸஸ் முடிஞ்சதும் நேரா ரிவ்யூ வந்துடுது. மாங்கூழ் கம்பெனிக்கு 300 அட்ரஸ் லேபிள் அடிச்சுத் தரணும். ஆபீஸை எடுத்துட்டுத் திரும்பப் போடணுமா?"

வேண்டாங்க அக்கா. எடுத்துட்டுப் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். எந்த டேப் (மேல ஹோம், இன்செர்ட்னு வரிசையா இருக்கிற தலைப்பு) தெரியணும், எது மறையணும்ங்கிற கணக்கு ஆபீஸ் புரோகிராமுக்குள்ள இல்ல. உங்க விண்டோஸ் யூசர் ஃபோல்டர்ல தனி ஃபைலா கிடக்கு. ஆபீஸை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். சந்தேகம்னா அதே சிஸ்டத்துல வேற யூசர்ல லாகின் பண்ணி வேர்டைத் திறந்து பாருங்க. அங்க மெயிலிங்ஸ் தெரிஞ்சா ஆபீஸ் நல்லாத்தான் இருக்கு.

சரி, எப்படி வரவைக்கிறது? ரிப்பன்ல, அதாவது மேல பட்டன் எல்லாம் இருக்கிற பட்டையில, காலியான இடத்துல ரைட் கிளிக் பண்ணி 'கஸ்டமைஸ் த ரிப்பன்' கொடுங்க. வலது பக்கம் மெயின் டேப்ஸ் லிஸ்ட் வரும். மெயிலிங்ஸ் பக்கத்துல டிக் இருக்காது. டிக் போட்டு ஓகே, அவ்வளவுதான். வேர்டோட சொந்த டேப்பை மறைக்கத்தான் முடியும், அடியோட அழிக்க முடியாது. ஆனா டேப்புக்குள்ள இருக்கிற குரூப்பை (சேர்ந்து நிக்கிற பட்டன் கூட்டத்தை) யாராவது ரிமூவ் பண்ணியிருக்கலாம். டேப் வந்தும் உள்ள 'ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்' இல்லேன்னா காரணம் அதுதான். அதே ஜன்னல்ல மெயிலிங்ஸைத் தேர்வு பண்ணிட்டு கீழ ரீசெட்ல 'ரீசெட் ஒன்லி செலக்டட் ரிப்பன் டேப்' கொடுங்க. 'ரீசெட் ஆல்' பக்கம் போயிடாதீங்க. மேல குவிக் ஆக்சஸ்ல நீங்க வரிசையா வெச்சிருக்கிற பட்டன் எல்லாம் சேர்ந்து போயிடும். போட்டே ஆகணும்னா முதல்ல இம்போர்ட் எக்ஸ்போர்ட்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க.

சில பேருக்கு டேப் பேரு மட்டும் இருக்கும், கீழ பட்டன் வரிசையே இருக்காது. அது கண்ட்ரோலும் எஃப் 1-உம் சேர்த்து கை பட்டிருக்கும், இல்ல டேப் மேல டபுள் கிளிக் ஆகியிருக்கும். திரும்ப அதையே பண்ணுங்க, வந்துடும். டேபிள் லேஅவுட் டேப்பைக் காணோம்னு நிறைய பேர் கேக்குறீங்க. கர்சர் டேபிளுக்குள்ள இருந்தாத்தான் அது எட்டிப் பாக்கும்.

பட்டன் இருக்கு, ஆனா மங்கலா இருக்கு, அமுக்க முடியலன்னா அது வேற விஷயம். வாட்ஸ்அப்ல வந்த ஃபைலா இருந்தா மேல மஞ்சள் பட்டையில 'எனேபிள் எடிட்டிங்' நிக்குதான்னு பாருங்க. டைட்டில்ல 'கம்பாட்டிபிலிட்டி மோட்'னு இருந்தா பழைய டாக் ஃபைல். ஃபைல், இன்ஃபோ, கன்வெர்ட் கொடுத்துடுங்க. ரிவ்யூல 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போட்டிருந்தாலும் மங்கும், பாஸ்வேர்டு வெச்சவங்களைத்தான் கேக்கணும். எந்த ஃபைலைத் திறந்தாலும், புது ஃபைல்லயும் கூட, எல்லாமே மங்கல்னா ஃபைல், அக்கவுண்ட்ல லைசன்ஸ் முடிஞ்சிருக்கான்னு பாருங்க.

அக்கா, உங்க லேபிள் வேலையிலயும் இந்த மங்கல் வரும், பயந்துடாதீங்க. 'இன்செர்ட் மெர்ஜ் ஃபீல்ட்', 'பிரிவ்யூ ரிசல்ட்ஸ்', 'ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்' மூணுக்கும் 'செலக்ட் ரெசிபியன்ட்ஸ்'ல அட்ரஸ் எல்லாம் இருக்கிற எக்செல் ஃபைலைக் காட்டற வரைக்கும் உயிர் வராது. முதல்ல ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்ல லேபிள்ஸ், அப்புறம் எக்செல். முதல் கட்டத்துல மட்டும் பேரு, ஊரு, பின்கோடு ஃபீல்டை வெச்சுட்டு 'அப்டேட் லேபிள்ஸ்' அமுக்குங்க. அதை விட்டுட்டா ஒவ்வொரு ஷீட்லயும் முதல் லேபிள்ல மட்டும்தான் அட்ரஸ் இருக்கும், மத்ததெல்லாம் வெத்து ஸ்டிக்கர்.