கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குவோம்

(மருத்துவ மேற்படிப்பு ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களுக்கும் மேற்படிப்பு மாணவர்களுக்கும் வணக்கம்.

எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதில் புள்ளியியல் எப்போது நுழைகிறது? சமர்ப்பிக்கச் சில வாரங்கள் இருக்கையில், எல்லா நோயாளிகளின் தரவையும் தொகுத்த அட்டவணையான மாஸ்டர் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு புள்ளியியலரிடம் ஓடும்போது. "சார், பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுங்கள்." உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. அந்த மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். எதை அளப்பது, எத்தனை பேரிடம் அளப்பது என்று முடிவு செய்த நாளில் அவருக்குப் பக்கத்தில் நாம் யாரும் இல்லை. தப்பாகத் திரட்டிய தரவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆகவே புள்ளியியலைக் கற்பிக்க வார்டுக்கே போவோம். பாதரசக் கருவியில் இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்த பழைய கேஸ் ஷீட்டுகளில், அதாவது நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுத் தாள்களில், ஐம்பதை எடுக்கச் சொல்லுங்கள். மேல் அழுத்தத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் மாணவர்கள் எண்ணட்டும். கருவியில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. எனவே 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பூஜ்ஜியத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. எண்ணிப் பார்த்தால் பூஜ்ஜியம் அதைவிட எங்கோ மேலே நிற்கும். 136 எப்போது 140 ஆனது, அதனால் எத்தனை பேருக்கு மாத்திரை எழுதப்பட்டது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அளவீட்டுப் பிழையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்து, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் முன்கூட்டியே அறியாதபடி மறைக்கும் உறைகள். பிரிட்டனில் 1948இல் வெளியான காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய ஆய்வில், புள்ளியியலர் பிராட்ஃபோர்டு ஹில், நோயாளி எந்தச் சிகிச்சைப் பிரிவில் சேர வேண்டும் என்ற குறிப்பை முத்திரையிட்ட உறைக்குள் வைத்தார். உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. நோயாளியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உறை பிரிக்கப்படும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். சதவீதம் போட்டால் 7, 27. வித்தியாசம் 20. அப்படியானால் ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது. இந்தக் கணக்கு எந்த மாணவருக்கு மறக்கும்? பிறகு மாணவர்களே உறை தயாரிக்கட்டும். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தெரிகிறதா என்றும் பார்க்கட்டும்.

நம் ஊர் ஆய்வையும் விட்டுவிடக் கூடாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், ஒரே மருந்துகளைச் சிலர் வீட்டிலும் சிலர் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு உட்கொண்டார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்கள் வறுமையிலும் நெரிசலிலும் கிடந்தார்கள். நோய் கட்டுப்பட்டவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. இந்த ஆறு தற்செயலாக வந்திருக்குமா? உண்மையான வித்தியாசமே என்றாலும், அதற்காகப் படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகளைக் காக்க வைப்பீர்களா? ஒரு மணி நேரம் வாதாடவிடுங்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொள்ள வழிகாட்டிய ஆய்வு அது.

ஆராய்ச்சி முறை குறித்த இணையவழிப் பாடம் இப்போது மேற்படிப்பில் கட்டாயம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் திரையில் பார்த்ததை வார்டில் கைப்பழக்கமாக்குவது நம் பொறுப்பு. துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆய்வுத் திட்டம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன்பே, தரவுப் படிவத்தைப் பத்து நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். காலியாக நிற்கும் கட்டங்களைப் புள்ளியியலரோடு உட்கார்ந்து பாருங்கள். வரும் முதலாண்டு மாணவர்களிடமிருந்தே இதைத் தொடங்கலாம்.