நல்ல கையைக் கட்டிவைத்தால் நலிந்த கை எழுமா?

[காட்சி: ஒரு மேசை. அதன்மேல் பூட்டும் சாவியும், ஒரு பென்சில், மடிக்காத துண்டு ஒன்று.]

பக்கவாதம் வந்து ஓராண்டு கடந்த ஒருவரிடம் இயன்முறை மருத்துவர் பென்சிலை எடுக்கச் சொல்கிறார். நலிந்த கை தடுமாறுகிறது, நேரம் எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் எடுத்துவிடுகிறது. அதே மனிதர் வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை மடியில் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லா வேலையையும் மற்றக் கையாலேயே முடித்துக்கொள்கிறார். செய்ய முடிகிற கை ஏன் வேலை செய்வதில்லை? மறுவாழ்வு மருத்துவத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்று இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. ‘சி.ஐ.எம்.டி.’ என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சிகிச்சையில், நல்ல கைக்கு ஒரு தடித்த உறையை மாட்டிவிட்டு நலிந்த கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

[காட்சி: தண்டுவடத்தின் குறுக்குவெட்டு வரைபடம், உணர்வு நரம்பு வேர்கள் நீல நிறத்தில்.]

1895-இல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்ற இருவர், ஒரு குரங்கின் கையிலிருந்து தண்டுவடத்துக்கு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. ஆகவே உணர்வு இல்லாமல் இயக்கம் இல்லை என்ற முடிவு நெடுங்காலம் நிலைத்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாபும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் கழித்து அதே சோதனையைச் செய்து, குரங்கின் நல்ல கையைக் கட்டிப் பார்த்தபோது, செயலற்றதாகக் கருதப்பட்ட கை உணவை எடுக்கத் தொடங்கியது.

டாப் இதற்குத் தந்த விளக்கம் எளியது. அறுவை நடந்தவுடன் தண்டுவடம் அதிர்ச்சியில் இருப்பதால், அந்தக் கையால் எதைச் செய்தாலும் தோல்விதான். உணவு நழுவுகிறது, உடல் சாய்கிறது. நல்ல கையால் முயன்றால் உடனே பலன் கிடைக்கிறது. வாரங்கள் கழித்து நலிந்த கைக்கு ஓரளவு திறன் திரும்பும்போது, அதை ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது. இதைக் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்று சொல்லலாம்.

இந்த அறிவுக்கு விலங்குகள் கொடுத்த விலையைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. 1981-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் இருந்த டாபின் ஆய்வகத்திலிருந்து 17 குரங்குகளைக் காவல்துறை கைப்பற்றியது. விலங்குவதை வழக்கில் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு, நடுவண் அரசின் நிதியில் நடந்த ஆய்வுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்ற காரணத்தால் 1983-இல் ரத்தானது. ஆய்வக விலங்குகளைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம் 1985-இல் திருத்தப்பட்டதற்கு அந்த வழக்கு எழுப்பிய விவாதமும் ஒரு காரணம்.

[காட்சி: உறை மாட்டிய வலக்கை, இடக்கை சாவியைத் திருப்ப முயல்கிறது.]

மனிதர்களிடம் இந்தச் சிகிச்சை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது ‘எக்ஸைட்’ என்ற ஆய்வில். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர், அமெரிக்காவின் ஏழு மையங்களில் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சைக் குழுவினர் இரண்டு வாரங்கள், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உறையோடு இருக்க வேண்டும். வார நாள்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சியும் உண்டு. ஒரு வேலையை நோயாளியால் ஏறக்குறைய முடிகிற அளவில் தொடங்கி, முடிந்தவுடன் சற்றே கடினமாக்கி, மீண்டும் செய்யவைப்பதே அந்தப் பயிற்சியின் முறை. பென்சில் எடுப்பது, சாவி திருப்புவது, துண்டு மடிப்பது போன்ற வேலைகளுக்கான சராசரி நேரம் ஓராண்டு முடிவில் அவர்களுக்கு 19.3 விநாடியிலிருந்து 9.3 விநாடியாகக் குறைந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கு 24.0-இலிருந்து 17.7 ஆனது. முடிவுகள் 2006-இல் வெளியாயின.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவினருக்கு அதே அளவு பயிற்சி நேரம் தரப்படவில்லை. ஆகவே பலன் கட்டிவைத்ததால் வந்ததா, மணிக்கணக்கில் உழைத்ததால் வந்ததா என்பதை இந்த ஆய்வு மட்டும் பிரித்துக் காட்டாது. என் கணிப்பில் உழைப்பின் பங்கே பெரிது. மேலும், மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது பின்னோக்கி நிமிர்த்த முடிந்தவர்களே ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். முற்றிலும் அசையாத கைக்கு இந்த முடிவை நீட்டிச் சொல்ல முடியாது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் லீபர்ட் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாளாகப் பக்கவாத பாதிப்போடு வாழ்ந்த 13 பேரின் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, கையை இயக்கும் மூளைப் பரப்பை அளந்தார்கள். சிகிச்சைக்கு முன் சுருங்கியிருந்த அந்தப் பரப்பு சிகிச்சைக்குப் பின் விரிந்தது. ஆறு மாதத்தில் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன.

[காட்சி: நாள்காட்டி, முதல் இரண்டு வாரங்கள் சிவப்பில்.]

இதைக் கேட்டவுடன், நேற்றுப் பக்கவாதம் வந்த ஒருவரின் நல்ல கையை வீட்டிலேயே கட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மூளைக் காயம் ஏற்பட்டவுடனேயே நல்ல காலைக் கட்டி, நலிந்ததைக் கட்டாயமாக உழைக்கவைத்த எலிகளில் காயம் பெரிதானதை 1996-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2009-இல் வெளியான, 52 பேரைக் கொண்ட ‘வெக்டார்ஸ்’ ஆய்வில், பக்கவாதம் வந்த சில நாள்களிலேயே மிகக் கடுமையான அளவில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், 90 நாள் முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மறுவாழ்வு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும். கீழே விழும் அபாயம் உள்ளவர் நடக்கும்போது உறையைக் கழற்றிவிட வேண்டும்.

[காட்சி: வீட்டுக் கூடம், தட்டில் இட்லி.]

நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வலக்கை விழுந்தவர் இடக்கையால் சாப்பிடக் கூசுகிறார்; “நீங்க விடுங்கப்பா, நான் ஊட்டிவிடுறேன்” என்று பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் கை உழைப்பதற்கான ஒரு வாய்ப்பு அங்கே போய்விடுகிறது. குரங்குச் சோதனைகளிலிருந்து டாப் உருவாக்கிய இந்தச் சிகிச்சையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எந்தெந்த வேலைகளை நலிந்த கையால் செய்வேன் என்று நோயாளி எழுதி ஒப்பமிடுகிறார்; வீட்டாரும் அதற்கு உடன்படுகிறார்கள். பிறகு 30 அன்றாட வேலைகளைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்துச் சிகிச்சையாளர் கேட்கிறார்: விளக்கின் விசையை இந்தக் கையால் போட்டீர்களா? குழாயைத் திறந்தீர்களா? தண்ணீர்க் குவளையைத் தூக்கினீர்களா? இல்லை என்றால், ஏன் இல்லை?