எட்மண்ட் மலோன் கேட்ட சான்று

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1795 பிப்ரவரி மாதம், லண்டன் நார்ஃபோக் தெருவில் ஒரு வீடு. ஐம்பத்து நான்கு வயதான எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் மண்டியிட்டு, சில பழுப்பேறிய தாள்களை முத்தமிடுகிறார். ஷேக்ஸ்பியரின் கைப்பட்ட தாள்கள் என்று நம்பி, இனி நிம்மதியாகக் கண்மூடலாம் என்கிறார். அந்த மே மாதமே கண்மூடியும் விட்டார். அத்தனை தாள்களும் போலி. எழுதியவன் வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற வக்கீல் குமாஸ்தா. வயது இருபதுகூட நிரம்பவில்லை. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அவன் லண்டன்காரன்.

அயர்லாந்திலிருந்து வந்தவர், அந்தப் பொய்யை உடைத்த எட்மண்ட் மலோன். 1741-இல் டப்ளினில் பிறந்தவர். டிரினிட்டி கல்லூரியில் படித்து வழக்கறிஞரானார். தந்தை இறந்த பிறகு, கையிலிருந்த சொத்தை நம்பி 1777-இல் லண்டனில் குடியேறினார். மறுவருடமே, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை யாரும் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டிருக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

போலித் தாள்கள் அச்சில் வந்ததும் மலோன் மூன்று மாதம் உட்கார்ந்து நானூறு பக்கங்களுக்கு மேல் எழுதினார். ஒன்றை மட்டும் பார்ப்போம். முதலாம் எலிசபெத் ராணி ஷேக்ஸ்பியருக்கு எழுதியதாக ஒரு கடிதம். விடுமுறைக்கு நடிகர்களை அழைத்து வா, லெஸ்டர் பிரபுவும் எங்களோடு இருப்பார் என்கிறது. முகவரியோ தேம்ஸ் கரையிலுள்ள குளோப் நாடக அரங்கம். லெஸ்டர் இறந்தது 1588-இல். குளோப் கட்டப்பட்டது 1599-இல். எழுத்துக்கூட்டலிலும் பையன் மாட்டிக்கொண்டான். பழமையாகத் தெரியட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் எழுத்தை இரட்டித்து, சொல்லின் வாலில் ஓர் உயிரெழுத்தைத் தொங்கவிட்டிருந்தான். எந்தக் காலத்திலும் யாரும் அப்படி எழுதியதில்லை என்று மலோன் உண்மையான பழைய கடிதங்களை அருகில் வைத்துக் காட்டினார். 1796 மார்ச் 31 அன்று நூல் வெளியானது. இரண்டு நாள் கழித்து, அதே பையன் எழுதி ஷேக்ஸ்பியர் பெயரில் டுரூரி லேன் அரங்கில் ஏறிய நாடகம் பார்வையாளர்களின் கூச்சலில் மூழ்கியது.

வாழ்க்கை வரலாற்றிலும் அவருடைய வழி இதுதான். 1709-இல் நிக்கோலஸ் ரோ எழுதிய ஷேக்ஸ்பியர் வரலாற்றில் மொத்தம் 11 செய்திகளே உண்டு, அவற்றில் 8 பொய் என்று எண்ணிச் சொன்னார். இளம் ஷேக்ஸ்பியர் மான் திருடி ஊரைவிட்டு ஓடினார் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. திருடியதாகச் சொல்லப்படும் இடத்தில் அப்போது மான் பூங்காவே இல்லையே என்று மலோன் கேட்டார். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரின் பதிவேடுகளை வரவழைத்து, மங்கிய கையெழுத்துகளைப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1800-இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் உரைநடையைப் பதிப்பித்தபோதும் இதே உழைப்பில் ஒரு முழு வரலாற்றை எழுதி முன்னே சேர்த்தார்.

அவர் பெருந்தவறு ஒன்றையும் செய்தார். அதை நான் மறைக்க மாட்டேன். ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயத்தில் வண்ணம் தீட்டிய ஷேக்ஸ்பியர் மார்பளவுச் சிலை இருந்தது. வண்ணம் பிற்காலத்துச் சேர்க்கை என்று நினைத்து, 1793-இல் அங்கிருந்த பாதிரியாரைச் சம்மதிக்கவைத்து அதற்கு வெள்ளை பூச வைத்தார். ஆதியிலேயே வண்ணம் இருந்தது. எல்லோரிடமும் சான்று கேட்டவர் அந்த ஒரு நாள் தன்னிடம் கேட்கவில்லை. பின்னர் அங்கே வந்த ஒருவர் வருகைப் பதிவேட்டில் அவரைச் சபித்துச் செய்யுளே எழுதி வைத்தார். 1861-இல்தான் வெள்ளை நீங்கியது. இதை அறிந்த பிறகும் அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை.

பாஸ்வெல்லிடம் திரும்புவோம். அகராதி தொகுத்த அறிஞர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கிய பாஸ்வெல், குடியாலும் மனச்சோர்வாலும் அடிக்கடி தடுமாறினார். மலோன் அவரைத் தன் வீட்டில் உட்காரவைத்து, மாலை மாலையாகக் கைப்பிரதியை வரிவரியாகத் திருத்தினார். 1791-இல் நூல் வெளிவந்தது. அட்டையில் பாஸ்வெல் பெயர்தான். பாஸ்வெல் இறந்த பிறகு அடுத்தடுத்த பதிப்புகளைப் பார்த்துக்கொண்டதும் மலோன்தான்.

1812-இல் மலோன் இறந்தபோது, அவர் எழுதிய ஷேக்ஸ்பியர் வரலாறு முடியவில்லை. ஷேக்ஸ்பியர் நாடக உலகில் கால்வைக்கும் இடத்திலேயே அவர் கை நின்றுவிட்டது. குவிந்து கிடந்த குறிப்புகளையெல்லாம் ஒருவர் ஒழுங்குபடுத்தி, 1821-இல் 21 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அவர் பெயரும் ஜேம்ஸ் பாஸ்வெல்தான். நார்ஃபோக் தெருவில் மண்டியிட்டவரின் மகன்.