மூக்குக் கிளிப் 1,500 ரூபாவாம்! கித்துல்கலயில நான் கவுண்ட கதை

வணக்கம் மக்களே, சுகமா இருக்கிறீங்களா? குரலக் கேட்டு தடிமன் எண்டு நினைக்காதேங்கோ. ரெண்டு நாளா மூக்கால குடிச்ச களனி கங்கைத் தண்ணி இது, இப்பவும் குனிஞ்சா மேசையில சொட்டுது. அம்மா விடிஞ்சதில இருந்து ஆவி பிடி ஆவி பிடி எண்டு பின்னால திரியிறா.

உங்களுக்குத் தெரியும் தானே, வாடைக் காலத்தில என்ர கயாக், அதுதான் துடுப்பால வலிக்கிற சின்னத் தோணி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில கவுண்டு கிடக்கும், நிலாவெளிக் கடல் இறங்க விடாது. சும்மா இருந்து விசர் பிடிக்குதெண்டு போன வீடியோல புலம்பினேனே, அதப் பாத்திட்டுத் தான் நெட்டையன் கோல் எடுத்தவன், பொங்கல் லீவுக்கு களனி கங்கைப் பக்கம் கித்துல்கல போவம் மச்சான், ஆத்தில கயாக் ஓட்டப் பழக்குறாங்களாம் எண்டு. பழக்குறதோ? எனக்கோ? மூண்டு வருஷமா உப்புவெளியில ஓட்டுறவனுக்கு ஆறு என்னடா பெரிய ஆறு எண்டு கேட்டன். இந்த வசனத்த ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ.

வேன்ல நாலு பேர். விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு கந்தளாய், ஹபரண, தம்புள்ள, குருநாகல், பிறகு கேகாலைப் பக்கத்தால யட்டியாந்தோட்டை. பயணத்தப் பத்தி வேற ஒண்டும் கேக்காதேங்கோ, நான் நித்திரை.

அங்க போய் கயாக்கப் பாத்தா எனக்குச் சிரிப்பு. என்ரது நாலரை மீற்றர், இது அதில அரைவாசிக்குக் கொஞ்சம் கூட, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்குது. கடல் கயாக் நேரா போக எண்டு செஞ்சது, இது திரும்ப எண்டே செஞ்சது. ஒரு பக்கம் கொஞ்சம் பலமா வலிச்சா பம்பரம் தான். கரையோரம் நிண்ட தண்ணியிலயே நான் நாலு தரம் சுத்தினன், பாலத்தில நிண்ட பள்ளிக்கூடப் பெடியள் கை தட்டுறாங்கள்.

இப்ப கிளிப் கதை. எங்கட கூட்டாளி வாத்தி இருக்கிறானே, போன வருஷம் மாபிள் பீச் வீடியோல குடையோட நிண்டவன், அவன் தண்ணி ஏறாம மூக்கப் பொத்துற 350 ரூபாக் கிளிப் ஒண்டு கொண்டு வந்தவன். நான் சும்மா விடேல்ல, உடுப்புக் காயப் போடுற கிளிப்ப ஏன்டா மூக்கில போட்டிருக்கிறாய் எண்டு வழி முழுக்க நக்கல். (வழி முழுக்க இல்ல, நித்திரையால எழும்பினாப் பிறகு.) முதல் தரம் கவுண்டு எழும்பின உடன நேரா கடைக்குத் தான் ஓடினன். 1,500 ரூபாவாம்! ஒரு கம்பி, ரெண்டு ரப்பர் துண்டு, அவ்வளவு தான் சாமான். எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில கால் மணித்தியாலம் கதைச்சு 1,400க்குக் கொண்டு வந்தன், ஏதோ காணி வாங்கினவன் மாதிரி நெஞ்ச நிமித்திக்கொண்டு வாறன். அடுத்த தரம் கவுண்ட உடன கிளிப் போச்சு. அதில நூல் இல்ல மக்களே, நூல் இல்ல! இந்நேரம் கொழும்பு தாண்டிக் கடலுக்கே போயிருக்கும்.

ஏன் இப்பிடிக் கவுண்டனெண்டால், ஆத்தில பெரிய கல்லுக்குப் பின்னால தண்ணி ஓடாம நிக்கும், சில இடத்தில ஓட்டத்துக்கு எதிராத் திரும்பியும் வரும், அதத் தான் எடி எண்டுறது. அதுக்குள்ள இருந்து ஓட்டத்துக்க மூக்க நீட்டின உடன ஆறு பிடிச்சு இழுக்கும், அப்ப ஆறு போற கீழ் பக்கம் சாயோணும். கடல்ல அலை பக்கத்தால வந்தா அலைக்குள்ள சாயிறது தான் பழக்கம். நான் ஓட்டம் வாற பக்கமே சாஞ்சன், அது கயாக்கில ஏறி அமத்தி அப்பிடியே பிரட்டிப் போட்டுது. மண்டைக்கு விளங்குது, இடுப்பு கேக்குதில்ல. ஏழு தரம்!

ஓ, முக்கியமானத மறந்திட்டன். இடுப்பில பாவாடை மாதிரிப் போட்டு, தண்ணி உள்ள வராம கயாக்கின்ர வாயோட பூட்டுற ஸ்பிரே டெக் இருக்கு, அதின்ர முன்னுக்கு அதக் கழட்ட இழுக்கிற ஒரு வார். வடிவா இருக்கட்டும் எண்டு அத நான் உள்ளுக்க மடிச்சு விட்டிட்டன். பழக்கின அண்ணா கண்டிட்டு என்ர கையில ஒண்டு போட்டு வெளிய இழுத்து விட்டார். பிறகு கவுண்டு தலைகீழாக் கிடக்கேக்க தான் விளங்கினது. எல்லாம் பால் விடாத தேத்தண்ணி நிறம், காதுக்க அரிசி ஆலை இரைச்சல், மேல எது கீழ எது தெரியாது. கை மட்டும் தடவித் தடவிப் போய் அந்த வாரப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளி இழுத்துது, நான் சோடாப் போத்தல் மூடி மாதிரி வெளிய வந்தன். வந்து எழும்பி நிக்கப் பாத்தா அண்ணா கத்துறார். ஓடுற தண்ணியில நிக்கப் படாதாம், கால் கல்லிடுக்கில மாட்டினா தண்ணி ஆள அமத்திப் போடுமாம். மல்லாக்கப் படுத்து, கால் ரெண்டையும் ஓட்டம் போற பக்கம் நீட்டிக்கொண்டு போகோணும். "பய வெண்ட எப்பா மல்லி", பயப்பிடாத தம்பி எண்டு வேற சிங்களத்தில சொல்லுறார். எனக்கு வயசு முப்பத்தி நாலு.

ரெண்டாம் நாள் வெயில், ஆனா தண்ணி கூடிக்கொண்டு வருது. கேட்டா, மேல லக்சபான, பொல்பிட்டிய எண்டு கரண்ட் எடுக்கிற இடங்கள் இருக்காம், அங்க மெஷின ஓட்டினா இஞ்ச ஆறு ஏறுமாம். அப்ப நீங்கள் வீட்டில ஃபேன் போட நான் இஞ்ச கவுண்டிருக்கிறன், நல்லா இருங்கோ.

ஹெட் சொப்பர், தலைவெட்டி எண்டு ஒரு இடம், பேரைக் கேட்டாலே காணும், அதில எங்கள காத்தடிச்ச ராஃப்ட் போட்ல தான் கொண்டு போனவங்கள். அட்டையப் பத்திக் கதைக்க மாட்டன். வெறுப்பு. சித்தாலேபக் களிம்பு பூசியும் நெட்டையனுக்கு மூண்டு கடி.

கடைசியா நடந்தது தான் விஷயம். வாத்தியின்ர 350 ரூபாக் கிளிப்பப் பறிச்சு மூக்கில மாட்டிக்கொண்டு எடிக்குள்ள இருந்து வெளிக்கிட்டன், கண்ண மூடிக்கொண்டு கீழ் பக்கம் சாஞ்சன், கயாக் அப்பிடியே வட்டமாத் திரும்பி ஓட்டத்தோட போகுது! கவுளேல்ல! போய் அடுத்த கல்லுக்குப் பின்னால நிண்டு ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினன். வீடியோ போடுங்கோ எண்டு கேப்பீங்கள். கமெராவில சார்ஜ் இல்ல. ஏழு தரம் கவுண்டது எல்லாம் தெளிவா இருக்கு, இது மட்டும் இல்ல.

கண்ட ஒரே ஆள் வாத்தி தான், அவன் என்னோட கதைக்கிறேல்ல. கிளிப் என்ர பொக்கெட்டில தான் கிடக்குது வாத்தி, இதப் பாத்தா கோல் எடு, தாறன். 1,400.